யூரின் டெஸ்டில் கஞ்சா வந்தால் வேலை போகுமா? உங்க பணத்தில் எது போகும், எது போகாது?

கயத்தாறிலிருந்து ஒரு நேயர் கேட்ட கேள்வி இது. அவர் காற்றாலை பராமரிப்பில் டெக்னீஷியன், எட்டு வருஷ சர்வீஸ். தம்பி வெளிநாட்டுக் கப்பலில் ஜூனியர் ஆபீசர்.

"சார், கம்பெனியில புதுசா ஒரு பேப்பர்ல கையெழுத்து கேக்கிறாங்க. எப்ப வேணாலும் போதைப்பொருள் டெஸ்ட் எடுப்போம்னு போட்டிருக்கு. தம்பிக்கு ஒவ்வொரு தடவை கப்பல் ஏறும்போதும் அந்த டெஸ்ட் உண்டு. அமெரிக்காவுல கஞ்சா அடிக்கிறவங்க வேலைக்குக்கூட பாதுகாப்புச் சட்டம் இருக்காமே, நமக்கு அப்படி ஏதாவது இருக்கா? மாட்டினா கிராஜுவிட்டி, பிஎஃப் எல்லாம் போயிடுமா?"

அவர் அடிக்கிறாரா இல்லையான்னு அவரும் சொல்லல, நானும் கேட்கல. கேள்விக்குப் பதில் சொல்ல அது தேவையும் இல்லை.

நான் ஆடிட்டர். வக்கீலும் இல்லை, டாக்டரும் இல்லை. ஆனால் இந்த விஷயத்தில் பெரும்பாலானவங்க நஷ்டப்படுறது பணக் கணக்கில்தான். வேலை போகிறது என்ற பதற்றத்தில் நீட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்து போட்டுட்டு, சட்டப்படி கையில் இருக்க வேண்டியதையும் விட்டுட்டு வர்றாங்க. அதனால இதை நிதானமா பார்த்துடுவோம்.

அந்த டெஸ்ட் எதைப் பார்க்குது?

குடிக்கிறவருக்கு ஊதிப் பார்க்கும் கருவி இருக்கு. இப்போ இந்த நிமிஷம் ரத்தத்தில் எவ்வளவு ஆல்கஹால் என்று அது ஓரளவு சொல்லிடும். கஞ்சாவுக்கான யூரின் டெஸ்ட் அப்படி வேலை செய்றதில்லை. கஞ்சாவில் போதை தருவது டிஹெச்சி என்ற பொருள். உடம்பு அதை உடைத்த பிறகு மிஞ்சும் கழிவைத்தான் யூரினில் தேடுறாங்க. அந்தக் கழிவுக்குப் போதை கிடையாது. ஆனால் அது கொழுப்பில் தங்கி மெல்ல மெல்ல வெளியே வரும். எப்பவோ ஒரு தடவை இழுத்தவருக்கு சுமார் மூணு நாள், தினமும் பழக்கம் உள்ளவருக்கு ஒரு மாசம்கூட ஆகலாம்.

அதாவது ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இழுத்தவர் செவ்வாய்க்கிழமை தெளிவா வேலைக்கு வந்தாலும் டெஸ்டில் மாட்டலாம். "டியூட்டியில் போதையில் இருந்தார்" என்பதற்கு அந்த ரிப்போர்ட் மட்டும் ஆதாரம் ஆகாது. இதை மனசில் வச்சுக்கோங்க. பின்னாடி பணம் பேசும் இடத்தில் இது திரும்ப வரும்.

இன்னொண்ணு. முதலில் எடுப்பது ஸ்ட்ரிப் டெஸ்ட். அது வேகமானது, ஆனா முடிவானது இல்லை. சர்வதேச நடைமுறையில் அதில் மில்லிலிட்டருக்கு 50 நானோகிராம் தாண்டினால்தான் சந்தேகக் கணக்கில் எடுப்பாங்க. அதற்கப்புறம் அதே சாம்பிளை லேபில் பெரிய இயந்திரத்தில் உறுதிப்படுத்தணும், அங்கே வரம்பு 15 நானோகிராம். "பக்கத்துல நின்னவன் விட்ட புகை சார்" என்ற பதில் இந்த 50 வரம்பில் பெரும்பாலும் எடுபடாது. ஆனால் பாங்கு குடித்தாலும், ஆயுர்வேத டாக்டர் எழுதிக் கொடுத்த 'விஜயா' கலந்த எண்ணெய் சாப்பிட்டாலும் பாசிட்டிவ் வர வாய்ப்பு உண்டு. அப்படி மருந்து எடுப்பவர் மருந்துச்சீட்டை சாம்பிள் கொடுக்கும் முன்னாடியே ஃபார்மில் எழுதிடணும். ரிசல்ட் வந்த பிறகு நீட்டினால் யாரும் நம்ப மாட்டாங்க.

அமெரிக்கச் சட்டம் நமக்கு உதவுமா?

உதவாது. அந்தச் சட்டம் நிஜம்தான். கலிஃபோர்னியாவில் 2024 ஜனவரி 1 முதல், மேலே சொன்ன அந்தப் போதையற்ற கழிவு உடம்பில் இருக்கு என்ற காரணத்துக்காக மட்டும் பொதுவாக ஒருத்தரை வேலையை விட்டு எடுக்க முடியாது. கட்டுமானத் தொழிலாளர்களுக்கும், மத்திய அரசு விதிப்படி டெஸ்ட் கட்டாயமான வேலைகளுக்கும் அங்கேயே விலக்கு இருக்கு. அமெரிக்க மத்திய சட்டத்தில் கஞ்சா இன்னும் குற்றம்தான். அதனால் அங்கே விசாவில் இருக்கும் நம்ம பிள்ளைகள் "மாநிலத்தில் லீகல்" என்று நம்பி எந்த ஃபார்மிலும் உளறினால் குடியேற்றச் சிக்கல் வரும். இது போற போக்கில் சொன்னது.

இங்கே 1985-ஆம் ஆண்டின் என்டிபிஎஸ் சட்டம். கஞ்சா உபயோகிப்பதே 27-ஆவது பிரிவில் குற்றம்: ஆறு மாசம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ரெண்டும். கையில் வைத்திருந்தால் 20-ஆவது பிரிவு. கஞ்சாவுக்கு 'சிறிய அளவு' என்பது ஒரு கிலோ வரை. அதற்கு ஒரு வருஷம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது ரெண்டும். 20 கிலோவுக்கு மேல் போனால் குறைந்தபட்சமே பத்து வருஷம். "2020 டிசம்பரில் ஐநா ஓட்டெடுப்பில் இந்தியா கஞ்சாவுக்கு ஆதரவா ஓட்டு போட்டுச்சே" என்று சிலர் சொல்வாங்க. அது சர்வதேசப் பட்டியலில் ஒரு வகைப்பாட்டை மாற்றிய ஓட்டு. உள்ளூர் சட்டத்தில் ஒரு வரி மாறல. குற்றம் என்று சட்டம் சொல்லும் ஒரு பழக்கத்துக்காக, உபயோகிப்பவர் என்ற பெயரில் வேலைப் பாதுகாப்பு கேட்க இந்தியாவில் இடமில்லை.

அப்போ என்னதான் பாதுகாப்பு? தொழிலாளி என்ற முறையில் இருக்கும் பாதுகாப்பு. அது எல்லோருக்கும் பொது, கஞ்சா வந்ததால் அது ரத்தாகிடாது.

ராஜினாமா கடிதம் நீட்டும்போது

பல இடங்களில் நடப்பது இதுதான்: ஸ்ட்ரிப் டெஸ்ட் கலர் மாறும், எச்ஆர் ரூமுக்குக் கூப்பிடுவாங்க, "போலீஸ் கேஸ் வேண்டாம், நீயே எழுதிக் கொடுத்துட்டுப் போயிடு" என்பாங்க. அந்த நிமிஷத்தில் கையெழுத்து போடாதீங்க. "கன்ஃபர்மேஷன் டெஸ்ட் ரிசல்ட் எழுத்தில் வேணும், நாளைக்குப் பதில் சொல்றேன்" என்று மட்டும் சொல்லுங்க. அது உங்க உரிமை, சண்டை இல்லை.

நிரந்தரத் தொழிலாளியை ஒழுங்கீனம் என்று சொல்லி எடுக்கணும்னா சார்ஜ் மெமோ கொடுக்கணும், பதில் வாங்கணும், உள்விசாரணை நடத்தணும். விசாரணை வரை சஸ்பெண்ட் பண்ணினால் பிழைப்பூதியம் தரணும்: முதல் 90 நாளுக்குச் சம்பளத்தில் பாதி, அதற்கு மேல் தாமதம் உங்களால் இல்லை என்றால் 75 சதவீதம். 2025 நவம்பர் 21-இல் அமலுக்கு வந்த தொழிலுறவுச் சட்டத்தொகுப்பிலும் இது தொடருது. ஒரே வித்தியாசம், எது ஒழுங்கீனம் என்று பட்டியல் போடும் நிலையாணைகள் இனி 300 பேரும் அதற்கு மேலும் உள்ள நிறுவனங்களுக்குத்தான் கட்டாயம். சின்ன கம்பெனியில் உங்க அப்பாயின்ட்மென்ட் ஆர்டரும், இப்போ கையெழுத்து கேட்கிறாங்களே அந்தப் பேப்பரும்தான் எல்லாம்.

அதனால அந்தப் பேப்பரைப் படிங்க. நான் பார்ப்பது மூணு விஷயம். உறுதிப்படுத்தும் டெஸ்ட் உண்டா? சாம்பிளை ரெண்டாகப் பிரித்து ஒண்ணை சீல் வைத்து எடுத்து வைப்பாங்களா? முதல் தடவை பாசிட்டிவ் வந்தால் சிகிச்சைக்கு வாய்ப்பு உண்டா, இல்லை நேரா டிஸ்மிஸ்ஸா? இது எதுவுமே இல்லை என்றால், கையெழுத்து போடுவதற்கு முன் ஒரு மெயிலில் கேட்டு வையுங்க. மறுத்தால் மறுத்தது பதிவாகும்.

முதல் தடவைக்குச் சிகிச்சை என்பது என் கற்பனை இல்லை. விமானத்துறையில் டிஜிசிஏ 2022 ஜனவரி 31 முதல் அமல்படுத்திய விதி அப்படித்தான் இருக்கு. பைலட்டுகள், விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களுக்கு ரேண்டம் டெஸ்ட். சந்தேகம் வந்தால் டியூட்டியிலிருந்து உடனே இறக்கிடுவாங்க. உறுதியானால் முதல் தடவை மறுவாழ்வு சிகிச்சைக்கு அனுப்பணும். ரெண்டாவது தடவை லைசென்ஸ் மூணு வருஷம் சஸ்பென்ட். மூணாவது தடவை ரத்து. நூத்தைம்பது பேரைத் தூக்கிட்டுப் பறக்கிறவருக்கே ஒரு வாய்ப்பு கொடுக்கலாம் என்று அரசு எழுதி வச்சிருக்கும்போது, காத்தாடி மேல ஏறும் டெக்னீஷியனுக்கு ஏன் கூடாது? அந்த விதி உங்க கம்பெனியைக் கட்டுப்படுத்தாது. ஆனால் பேசும்போது காட்ட நல்ல முன்மாதிரி.

காண்ட்ராக்டர் மூலமா வேலை பார்க்கிறவங்களுக்கு ஒரு கசப்பான உண்மை சொல்லணும். மேலே சொன்ன விசாரணை எல்லாம் உங்க விஷயத்தில் பெரும்பாலும் நடக்காது. "நாளையிலிருந்து கேட் பாஸ் இல்லை" என்று முடிஞ்சிடும். சட்டம் இல்லாமல் இல்லை, வழக்கு போட்டுப் போராடும் செலவும் நேரமும்தான் கட்டுப்படியாகாது. உங்களுக்கு கீழே வரும் பிஎஃப், கிராஜுவிட்டி பகுதிதான் முக்கியம்.

கிராஜுவிட்டி, பிஎஃப்

முதலில் பிஎஃப். எந்தக் காரணத்துக்காக வேலை போனாலும் உங்க பங்கும் சரி, உங்க கணக்கில் விழுந்துவிட்ட கம்பெனி பங்கும் சரி, ஒரு பைசா பிடிக்க முடியாது. கடன்காரன்கூட ஜப்தி பண்ண முடியாத பணம் அது. ஒரே எச்சரிக்கை: தொடர்ந்து அஞ்சு வருஷ சர்வீஸ் முடியும் முன் எடுத்தால் வரி உண்டு. உடல்நலக் குறைவு, கம்பெனி மூடியது மாதிரி உங்க கையில் இல்லாத காரணங்களுக்கு அதில் விலக்கு இருக்கு. டெஸ்டில் மாட்டி வேலை போனதை அந்த விலக்கில் சேர்ப்பது கஷ்டம். அடுத்த கம்பெனிக்கு டிரான்ஸ்ஃபர் பண்ணினால் அந்தப் பிரச்சினையே வராது.

கிராஜுவிட்டியில்தான் நிறைய பேரைப் பயமுறுத்துறாங்க. நம்ம கயத்தாறு நேயருக்குக் கணக்கு போடுவோம். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 26,000 ரூபாய், எட்டு வருஷம் என்று வச்சுக்குவோம். 26,000-ஐ 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் 15,000. அதை எட்டால் பெருக்கினால் 1,20,000 ரூபாய்.

இதை எப்போ மறுக்கலாம் என்று சட்டமே சொல்லுது. உங்க வேண்டுமென்ற செயலாலோ அலட்சியத்தாலோ கம்பெனி சொத்துக்குச் சேதம் என்றால், அந்தச் சேத அளவுக்கு மட்டும். கலவரம், வன்முறைக்காக டிஸ்மிஸ் ஆனால் முழுசாகவோ பகுதியாகவோ. ஒழுக்கக்கேடான குற்றத்துக்காக டிஸ்மிஸ் ஆனாலும் அப்படியே, ஆனால் அந்தக் குற்றம் வேலையின்போது நடந்திருக்கணும். இந்தக் கடைசி வகையில் கோர்ட் தண்டனை வந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2025 பிப்ரவரியில், வெஸ்டர்ன் கோல்ஃபீல்ட்ஸ் வழக்கில் சொல்லியிருக்கு. அதனால் கம்பெனிகள் இப்போ இந்த ஆயுதத்தைக் கொஞ்சம் தைரியமா எடுக்குது.

ஆனாலும் யோசிங்க. வீட்டில் உபயோகித்து, நாலு நாள் கழிச்சு யூரினில் தெரிந்தது 'வேலையின்போது நடந்த குற்றம்' ஆகுமா? என் பார்வையில் ஆகாது. சைட்டுக்குள் பொட்டலத்தோடு பிடிபட்டால் கதை வேற. ராஜினாமா பண்ணி வெளியே வந்தவருக்கு இந்த மறுப்பு விதி பொருந்தாது, அது டிஸ்மிஸ் ஆனவருக்குத்தான். இங்கேதான் நான் மேலே சொன்னதோடு முரண்படுற மாதிரி ஒண்ணு சொல்லணும்: சில பேருக்கு ராஜினாமாவே லாபம். கன்ஃபர்மேஷன் டெஸ்டும் பாசிட்டிவ், விசாரணையில் ஜெயிக்க வழியில்லை என்று தெரிந்தால், கிராஜுவிட்டியும் ரிலீவிங் லெட்டரும் எழுத்தில் உறுதி வாங்கிக்கொண்டு எழுதிக் கொடுப்பது புத்திசாலித்தனம். அன்னைக்கே, அந்த ரூமிலேயே போடாதீங்க என்றுதான் சொன்னேன். கிராஜுவிட்டி 30 நாளில் வரலைன்னா தொழிலாளர் துறையில் மனு போடலாம், அதற்கு வக்கீல்கூடத் தேவையில்லை.

விபத்து நடந்தால்

டிரைவர்களும் காத்தாடி ஏறுகிறவங்களும் இதை ரெண்டு தடவை படிங்க. ஈஎஸ்ஐ இல்லாத இடத்தில் வேலையில் அடிபட்டால் தொழிலாளர் இழப்பீட்டு விதிகளின்படி முதலாளி பணம் தரணும். ஆனால் அந்த நேரத்தில் தொழிலாளி மது அல்லது போதையில் இருந்ததே விபத்துக்கு நேரடிக் காரணம் என்றால் தர வேண்டியதில்லை. மரணத்துக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் இந்த விலக்கு கிடையாது, அப்போ கட்டாயம் தரணும். கை போச்சு, கால் முறிஞ்சது மாதிரி பகுதி ஊனத்தில்தான் தகராறு. விபத்துக்குப் பிறகு ஆஸ்பத்திரியில் எடுத்த யூரின் ரிப்போர்ட்டை நீட்டி "இவர் போதையில் இருந்தார்" என்பாங்க. முதலில் சொன்னது இங்கேதான் உதவும்: கழிவு இருந்தது வேற, அந்த நேரத்தில் போதை இருந்தது வேற. நிரூபிக்க வேண்டியது அவங்க.

தனியா எடுத்த விபத்துக் காப்பீட்டிலும் இதே மாதிரி விலக்கு உண்டு. டேர்ம் இன்ஷூரன்ஸ் ஃபார்மில் போதைப்பொருள் கேள்விக்கு 'இல்லை' என்று பொய் எழுதினால் முதல் மூணு வருஷத்துக்குள் க்ளெய்ம் வரும்போது பாலிசியையே கேள்வி கேட்கலாம். மாசம் சில நூறு ரூபாய் பிரீமியம் மிச்சம் பிடிக்கப் போய் குடும்பத்துக்கு ஒரு கோடி வராமல் போகிற கணக்கு அது.

ஹெல்த் இன்ஷூரன்ஸில் ஒரு வேடிக்கை இருக்கு. போதைப் பழக்கச் சிகிச்சைக்குப் பணம் கிடையாது என்பது பாலிசிகளில் வழக்கமான விலக்கு. ஆனால் 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மது, போதைப் பழக்கத்தோடு சேர்ந்த மனநிலைப் பாதிப்புகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் சேர்க்குது. மனநோய்க்கு உடல்நோய் மாதிரியே காப்பீடு தரணும் என்றும் சொல்லுது. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு இடிக்குது. க்ளெய்ம் மறுத்தால் அப்படியே விடாமல் இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் போங்க.

பழக்கத்தை விட நினைக்கிறவருக்கு என்டிபிஎஸ் சட்டத்திலேயே ஒரு கதவு திறந்திருக்கு. 64ஏ பிரிவு. பழக்கத்துக்கு அடிமையானவர் மேல் உபயோகித்த வழக்கோ சிறிய அளவு வழக்கோ இருந்தாலும், அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த மையத்தில் தானாக முன்வந்து சிகிச்சை எடுத்து முடித்தால் வழக்கிலிருந்து பாதுகாப்பு உண்டு. பாதியில் விட்டால் பாதுகாப்பும் போகும். 14446 என்ற தேசிய இலவச எண்ணில் கேட்டால் பக்கத்தில் எங்கே மையம் என்று சொல்வாங்க. டெஸ்டில் மாட்டும் முன்னாடியே சிகிச்சையில் சேர்ந்த ரசீது, விசாரணையில் நூறு வாதத்துக்குச் சமம்.

கப்பலுக்குப் போகும் தம்பிக்கு

தூத்துக்குடி மாவட்டத்தில் கப்பல் சம்பளத்தை நம்பி வீட்டுக் கடன் வாங்கிய குடும்பங்கள் நிறைய. 1989-இல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் கப்பல் தட்டி எண்ணெய் கொட்டிய பிறகு, முக்கியமா டேங்கர் கம்பெனிகள் மது, போதை டெஸ்டில் ரொம்பக் கெடுபிடி ஆயிட்டாங்க. ஏறும் முன் டெஸ்ட், நடுக்கடலில் அறிவிப்பில்லாத டெஸ்ட், ரெண்டும் உண்டு. கரை வேலையில் இருக்கும் விசாரணை, பிழைப்பூதியம் எதையும் இங்கே எதிர்பார்க்காதீங்க. கையெழுத்து போட்ட காண்ட்ராக்ட்தான் சட்டம். இந்தியா 2015-இல் ஏற்ற கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கைப்படி, பொதுவா வீடு திரும்பும் செலவு கப்பல் கம்பெனியுடையது. ஆனால் கடமையில் கடுமையான தவறு என்று முடிவானால் அந்த டிக்கெட் செலவை உங்களிடமே பிடிக்கலாம். இறங்கும் நாள் வரை உழைத்த சம்பளத்தைப் பிடிக்க முடியாது, அதைக் கணக்குப் போட்டு எழுத்தில் வாங்குங்க.

இப்போ யாரும் யோசிக்காத ஒரு செலவு. வருமான வரி.

கப்பல்காரர் ஒரு நிதியாண்டில் 184 நாள் இந்தியாவுக்கு வெளியே இருந்தால் என்ஆர்ஐ. வெளிநாட்டுக் கப்பல் சம்பளத்துக்கு இங்கே வரி கிடையாது. என்ஆர்இ கணக்கில் வந்தாலும் கிடையாது என்று 2017-லேயே மத்திய நேரடி வரிகள் வாரியம் சுற்றறிக்கை போட்டு முடிச்சிட்டாங்க. தம்பி ஏப்ரல் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை கப்பலில் இருந்தார், மாசம் 3 லட்சம் என்று வச்சுக்குவோம். 153 நாள், 15 லட்சம். ஜனவரியில் அடுத்த காண்ட்ராக்ட் ஏறினால் மீதி 31 நாள் சுலபமா வந்துடும். அந்த நம்பிக்கையில் வரிக்கு ஒண்ணும் எடுத்து வைக்கல. ஏறும் முன் டெஸ்டில் பாசிட்டிவ். காண்ட்ராக்ட் ரத்து.

இப்போ வருஷம் முழுக்க வெளியே இருந்தது 153 நாள்தான். ரெசிடென்ட் ஆயிட்டார். ஏற்கனவே சம்பாதித்துச் செலவழிச்ச அந்த 15 லட்சமும் வரிக்குள் வரும். 2025-26 நிதியாண்டின் புது வரி முறைப்படி நிலைக்கழிவு 75,000 போக 14,25,000. வரி 93,750, செஸ் 3,750, மொத்தம் 97,500 ரூபாய். வராத சம்பளம் ஒரு பக்கம், வந்த சம்பளத்துக்கு வரி இன்னொரு பக்கம். பல வருஷம் கடலில் இருந்தவருக்கு இடைப்பட்ட ரெசிடென்ட் நிலை கிடைச்சு, சம்பளம் நேரா வெளிநாட்டுக் கணக்கில் வந்திருந்தால் தப்பிக்கலாம். புதுசா போகிற பசங்களுக்கு அது பெரும்பாலும் கிடைக்காது.

சிடிசியில் இருக்கும் சைன் ஆன், சைன் ஆஃப் தேதிகளை வச்சு நாளை எண்ணுங்க. பாஸ்போர்ட் முத்திரையை வச்சு எண்ணாதீங்க, ரெண்டும் சில நாள் மாறும். நாள் பத்தாது என்று ஜனவரியிலேயே தெரிந்தால் மார்ச் 15-க்குள் அட்வான்ஸ் டாக்ஸ் கட்டிடுங்க. முந்தைய தவணைகளுக்கான வட்டி கொஞ்சம் வரும், ஆனால் அதற்கு மேல் ஏறாது. நாளை எண்ணும் எக்ஸெல் ஷீட் நம்ம சேனலில் கப்பல்காரர்கள் வீடியோவின் கீழே இருக்கு, ஜனவரி முதல் வாரத்திலேயே ஒரு தடவை போட்டுப் பாருங்க.